ஒல்லியானவருக்கும் கல்லீரல் கொழுப்பு ஏன்?

கேள்வி: எடை சரியாக இருந்தும் சிலருக்குக் கல்லீரலில் கொழுப்பு, கூடவே சர்க்கரையும் ஏறுகிறதே, எப்படி?

பதில் 1: தோலடிக் கொழுப்பு ஒரு கிடங்கு மாதிரி. கொள்ளளவு ஆளுக்கு ஆள் மாறும். நிரம்பினால் மிச்சம் கல்லீரல், தசை, கணையம் என்று வழியும். கல்லீரல் செல்லுக்குள் டைஅசைல்கிளிசரால் என்ற கொழுப்பு வகை சேர்ந்தால் இன்சுலின் சமிக்ஞை மங்கிவிடும்; பிறகு கல்லீரல் தேவைக்கு மேல் குளுக்கோஸை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். வெறும் வயிற்றுச் சர்க்கரை ஏறுவது பெரும்பாலும் இதனால்தான். இரத்தத்தில் ட்ரைகிளிசரைடு என்ற கொழுப்பும் கூடும், ஹெச்டிஎல் (நல்ல கொலஸ்ட்ரால்) குறையும்.

பதில் 2: எடை மெஷினைவிட, வயிற்றுச் சுற்றளவை அளக்கும் நாடா மேல். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவே, மூச்சை இயல்பாக விட்டபின் அளக்கவும் (வயிற்றை எக்கக் கூடாது!). உயரத்தில் பாதியைத் தாண்டினால் கவனம் தேவை. ஸ்கேன் 'நார்மல்' என்றாலும் நம்பிவிட வேண்டாம்: 5% கொழுப்பே கல்லீரலுக்கு அதிகம், ஆனால் 20 சதவீதத்துக்குக் கீழ் இருந்தால் சாதாரண அல்ட்ராசவுண்ட் பல நேரம் தவறவிடும்.

கேள்வி கேட்டவர்: எவ்வளவு எடை குறைக்கணும்?

பதில் 1: ஒல்லியானவருக்கு 3–5% போதும். பருமனானவருக்குக் கல்லீரல் அழற்சி தணிய 7–10%. வாரம் ஒன்றரை கிலோவுக்கு மேல் இறக்கினால் பித்தப்பைக் கல் வர வாய்ப்பு கூடும்.