கதியாலுக்குள்ள முள்ளுக்கம்பி: ஹைட்ரோலிக் கத்தியால விறகு வெட்டின அனுபவங்கள்

(திருகோணமலைப் பக்கத்து நாலு ஊர்க்காரர் மாறி மாறிச் சொன்னது.)

தம்பலகாமம்

பழைய வேலி பிடுங்கினா வாற கிளிசரிடியாக் கதியால் (வேலிக்கு நட்டு மரமா வளர்ந்த தடி)தான் விசயம். மரம் பருக்கப் பருக்க முள்ளுக்கம்பியை உள்ளே விழுங்கிடும், வெளியே தழும்புகூடத் தெரியாது. செயின் சோ வைச்சா பொறி பறக்கும், பல் போகும், சில நேரம் வாள் முகத்துக்கு எகிறும். எண்ணெய் அழுத்தத்தால பிளேட்டைத் தள்ளி வெட்டுற ஹைட்ரோலிக் கத்தியில 4 அங்குலப் பச்சைக் கதியாலைக் குடுத்து லீவரைத் தள்ள, அழுத்தம் காட்டுற கேஜ் முள் ஒருதரம் மேலே துள்ளிச்சு, 'டக்' எண்டொரு சத்தம், மரமும் கம்பியும் சேர்ந்தே துண்டாகி விழுந்தது. பிளேட்டில ஒரு சின்னக் கீறல் மட்டும்தான்.

4 அங்குலச் சிலிண்டர், 200 பார் எண்ணெய் அழுத்தம் எண்டால் 16 தொன்னுக்குச் சற்று மேல அழுத்தும். நிமிசத்துக்கு 20 லீற்றர் பம்பில 12 அங்குல ஓட்டத்துக்கு 7 செக்கனுக்கு மேல போகும். செயின் சோவை விட மெதுதான். ஆனா அதில மாதிரி ஒரு வெட்டுக்கு 8 மில்லிமீற்றர் மரம் தூளாப் போறதில்லை.

மூதூர்

அண்ணன், அது பச்சைக் கதியால். காய்ஞ்ச பாலை மரத்தை வைச்சுப் பாருங்க. 7 அங்குலக் கட்டையில பிளேட் ஒரு அங்குலம் இறங்கி நிண்டுட்டு, அழுத்தம் கூடினாத் திறக்கிற ரிலீஃப் வால்வு கத்தத் தொடங்கிச்சு. ஆள் லீவரை விடயில்லை. கட்டை குறுக்கால வெட்டுப்படாம நெடுக்காலப் பிளந்து, ஒரு பாதி எகிறிப் பெக்கோ (மண் தோண்டுற இயந்திரம்) கண்ணாடியில அடிச்சிது. பச்சை நார் நசுங்கி வழி விடும், காய்ஞ்ச வைரம் விடாது. தடிச்ச பிளேட் அதுக்குள்ள ஆப்பு மாதிரி வேலை செய்யும். வீரை மரமும் அப்படித்தான்.

200 பார் எண்டு கணக்குக் காட்டுறதும் எல்லாருக்கும் பொருந்தாது. 170 பாரில வால்வு திறக்கிற உழவு இயந்திரத்தில அதே சிலிண்டர் சுமார் 14 தொன்தான் தரும். முள்ளுக்கம்பி மெது இரும்பு, அது வெட்டுப்படும். எங்கட பக்கத்து வேம்பில கிடக்கிற ஷெல் (பீரங்கிக் குண்டு) துண்டு அப்படியில்லை, பிளேட் வாயையே உடைச்சிடும்.

கிண்ணியா

வால்வு கத்தும்போது லீவரைப் பிடித்துக்கொண்டு நின்றால் எண்ணெய்தான் கொதிக்கும், மரம் அசையாது. விட்டுவிட்டுக் கட்டையைத் திருப்பி வையுங்கள்.

இங்கே ஒரு மெசினில் நடந்ததைச் சொல்ல வேண்டும். ஹோஸில் ஊசி முனையளவு கசிவு. ஒருவர் விரலால் தடவிப் பார்த்தார். தோலில் ஒரு புள்ளி மட்டும், இரத்தம்கூட இல்லை, நோவும் இல்லை. அந்த அழுத்தத்தில் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். சில மணி நேரத்துக்குள் சத்திரசிகிச்சை செய்யாவிட்டால் விரலே போகலாம். தம்பிமாரே, நோவு வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம், நேரே ஆஸ்பத்திரிக்குப் போய் 'ஹைட்ரோலிக் எண்ணெய் உள்ளே போய்விட்டது' என்றே சொல்லுங்கள். கசிவு தேட கையை வைக்காமல் ஒரு அட்டைத் துண்டைப் பிடியுங்கள். ஹோஸைக் கழற்றுமுன் இயந்திரத்தை நிறுத்தி, லீவரை இரண்டு பக்கமும் ஆட்டி அழுத்தத்தை இறக்குங்கள்.

எண்ணெய் 46ஆம் நம்பர் போதும் என்று கடையில் சொல்வார்கள். வெக்கையான கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் முழு நாளும் ஓடுவதானால், பம்ப் கைநூல் அனுமதித்தால் அதைவிடத் தடிப்பான 68 போடுங்கள். டாங்கியில் உள்ளங்கையை வைத்திருக்க முடியாத சூடு வந்தால் நிறுத்தி ஆறவிடுங்கள். 80 பாகை தாண்டினால் சீல்கள் இறுகி வெடிக்கத் தொடங்கும், பிறகு சிலிண்டர் தண்டில் எண்ணெய் வழியும். பிளேட்டுக்குப் பக்கத்தில் ஆள் நிற்கும் இடத்துக்குக் கம்பி வலை போடாமல் காய்ந்த மரம் தொடவே வேண்டாம்.

நிலாவெளி

கடற்கரைச் சவுக்கில பட்டை முழுக்க மணல். செயினுக்கு அரம் போட்டே நேரம் போகும், கத்திக்கு அந்தத் தொல்லை இல்லை. நுனி நசுங்கி வெடிச்சிருக்கும், வெட்டு முகம் வடிவில்லைதான். பேக்கரிப் போறணைக்கு அது நல்லது, வெடிப்பால ஈரம் கெதியா வெளியேறும். மாரிக்கு முதல் கூரைக்குக் கீழ அடுக்கிடோணும், அதே வெடிப்பு மழைத்தண்ணியையும் உறிஞ்சும்.

பட்டை அறாமல் தொங்கினா பிளேட்டைத் தீட்டாதீங்க, முதல்ல இடைவெளியைப் பாருங்க. பிளேட்டுக்கும் கீழ்த்தட்டுக்கும் இடையில 1 மில்லிமீற்றர் அளவுதான் இருக்கோணும். மரத்தைச் சரிச்சு வைச்சு வெட்டினா பிளேட் பக்கவாட்டில வளைஞ்சு அந்த இடைவெளி கூடிடும்.