லோட்ஷெட்டிங்கில் கரண்ட் போனாலும் இந்தக் காந்தம் அணையாதா?

சாட்ஸ்வொர்த் அம்மா:
2023-இல் இங்கே தென்னாப்பிரிக்காவில் லோட்ஷெட்டிங் (முறைவைத்துக் கரண்டை நிறுத்துவது) உச்சத்தில் இருந்தபோது நடந்தது, இன்னும் மனதில் கிடக்கிறது. மகள் அப்போது டர்பனில் கெமிஸ்ட்ரி எம்எஸ்சி. சோறு கொண்டுபோனேன். லேபில் ஆளுயர எஃகு உருளை, உள்ளே 9.4 டெஸ்லா காந்தமாம் (டெஸ்லா என்பது காந்தப் புலத்தின் வலிமையை அளக்கும் அலகாம்). "தாலியில் கோத்திருக்கிற ஊக்கைக் கழற்றுங்கம்மா" என்று வாசலிலேயே நிறுத்திவிட்டாள். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போச்சு. விளக்கு, கம்ப்யூட்டர் எல்லாம் இருட்டு. "இப்போ வரலாமா?" என்றால், "காந்தம் இன்னும் இருக்கும்மா" என்கிறாள். கரண்ட் இல்லாமல் மின்காந்தமா? என் வீட்டு ஃபிரிட்ஜ் இரண்டு மணி நேரத்தில் ஐஸை உருக்கிவிடும்.

பழைய டெக்னீஷியன்:
தங்கச்சி, மகள் சொன்னது சரி. அந்த மாதிரிக் காந்தங்களுக்குப் பதினாறு வருஷம் ஹீலியம் ஊற்றியவன் நான். உள்ளே நியோபியம்-டைட்டானியம் கம்பிச் சுருள். மைனஸ் 269 டிகிரியில் அதற்கு மின்தடையே கிடையாது. நிறுவும்போது கரண்ட் ஏற்றி, சுருளின் இரு முனைகளையும் மீக்கடத்தியாலேயே (இப்படி மின்தடை இல்லாத பொருளாலேயே) இணைத்துவிட்டு, பவர் சப்ளையைக் கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள். அந்தக் கரண்ட் வருஷக்கணக்கில் உள்ளேயே சுற்றும். தாலித் தங்கத்தைக் காந்தம் சீண்டாது, ஊக்கு பறந்துவிடும்.

குளிருக்கும் பிளக் கிடையாது. ஃபிளாஸ்க்குக்குள் ஃபிளாஸ்க்தான்: நடுவில் திரவ ஹீலியம், சுற்றிலும் மைனஸ் 196 டிகிரித் திரவ நைட்ரஜன், இடையே வெற்றிடம். ஒரே ஒரு வாட் சூடு உள்ளே கசிந்தாலும் மணிக்கு 1.4 லிட்டர் ஹீலியம் ஆவியாகிவிடும். சாமி மேடையில் எரிகிற குட்டி பல்பே அதைவிடச் சூடு! நைட்ரஜன் வாராவாரம் ஊற்றுவோம், ஹீலியம் சில மாதத்துக்கு ஒருமுறை.

எங்களுக்கு லோட்ஷெட்டிங் பயமே இல்லை, ஹீலியம் லாரி வராவிட்டால்தான் வயிற்றைக் கலக்கும். ஒருமுறை வரத் தாமதமாகி, அளவு இறங்கிக்கொண்டே போனது. கம்பியில் ஒரு இடம் கொஞ்சம் சூடானாலே அங்கே மின்தடை முளைக்கும். அந்தச் சூடு பக்கத்துக்குப் பரவும். கண்மூடித் திறப்பதற்குள் முழுச் சுருளும் சாதாரணக் கம்பி. இதற்குப் பெயர் குவென்ச். அந்தச் சூட்டில் ஒரு லிட்டர் திரவ ஹீலியம் 700 லிட்டர் வாயுவாகச் சீறும், அறையில் பிராணவாயு குறைந்துபோகும். அன்று செருப்பை விட்டுவிட்டு ஓடினேன்.

கேப்டவுன் தம்பி:
அக்கா, எல்லாக் காந்தமும் அப்படியில்லை. இங்கே ஐதெம்பா லேப்ஸ் என்கிற ஆய்வுக்கூடத்தில் இருக்கும் சைக்ளோட்ரானின் (அணுத்துகள்களை வேகமாகச் சுழற்றும் இயந்திரம்) பெரிய காந்தங்கள் தாமிரச் சுருள். தண்ணீர் ஓடவிட்டுக் குளிர்விக்கிறார்கள். கரண்ட் போனால் காந்தமும் போச்சு. அமெரிக்காவில் டல்லஹாசி நகரத்து ஆய்வுக்கூடத்தின் 45 டெஸ்லா காந்தம் இரண்டும் கலந்தது: வெளியே மீக்கடத்தி, உள்ளே தண்ணீர் ஓடும் தாமிரத் தகடுகள்.

சாட்ஸ்வொர்த் அம்மா:
நன்றி அண்ணே. எவர்சில்வர் கேரியரையும் வாசலிலேயே வாங்கிக்கொண்டாளே, அதுவும் ஒட்டுமா?

பழைய டெக்னீஷியன்:
நல்ல எவர்சில்வர் பெரும்பாலும் ஒட்டாது. ஆனால் கேரியரின் கொக்கி எந்த இரும்போ, யார் கண்டது? வாசலில் வாங்கியதுதான் சரி.