உச்சியில் விழவில்லை, ஊர்ப்பக்கம் வந்து விழுந்தேன்

டிசம்பர் கடைசியில் உத்தராகண்டில் இருக்கும் கேதார்காந்தா மலைக்குப் போய்வந்தேன். டேராடூனிலிருந்து நாள் முழுக்க வண்டியில் குலுங்கிக்கொண்டு போனால் சாங்க்ரி கிராமம். அங்கிருந்து ஏற வேண்டும். உச்சி சுமார் 12,500 அடி. கிளம்பும்போது என் பயமெல்லாம் அந்த உச்சியைப் பற்றித்தான்.

அதிகாலை மூன்று மணிக்கு இருட்டில் ஏறினோம். தண்ணீர் பாட்டிலின் மூடி உறைந்து திறக்கவே இல்லை. (தலைகீழாக வைத்திருக்க வேண்டுமாம், மேல்பக்கம்தான் முதலில் உறையும்.) செல்போன் 60 சதவீதத்தில் பொசுக்கென்று அணைந்தது. ஆனால் கால் மட்டும் வழுக்கவில்லை. ஷூவில் மாட்டிய மைக்ரோஸ்பைக்கின் முட்கள் பனியை நன்றாகக் கவ்வின. எதிரே ஸ்வர்காரோகிணி சிகரத்தின் மேல் வெயில் விழுவதைப் பார்த்துவிட்டு ராஜா மாதிரி இறங்கினேன்.

விழுந்தது மறுநாள், ஜூடா கா தாலாப் ஏரிக்குக் கீழே காட்டுக்குள். ஊர்தான் வந்துவிட்டதே என்று ஸ்பைக்கைக் கழற்றிப் பையில் போட்டிருந்தேன். அங்கே பார்வைக்குப் பனியே அதிகமில்லை. ஆனால் சீசனில் போகிறவர் வருகிறவர் எல்லாம் மிதித்து இறுகிய பனி அது. பகலில் மேலாக உருகும், ராத்திரி மறுபடி உறையும். நாலைந்து நாள் இப்படியே நடந்தால் பாதை கண்ணாடியாகிவிடுகிறது. மரநிழலில் வெயிலும் படாது. மேலே புழுதி வேறு படிந்திருந்ததால் மண் என்றே நினைத்துக் கால் வைத்தேன். நமக்கு மார்கழியில் கோலத்தின் மேல் பெய்வதும் பனி, இங்கே காலை வாரிவிடுவதும் பனி!

வழிகாட்டிப் பையன் ஓடிவந்து தூக்கினான். "பையா (இந்தியில் அண்ணா), எல்லாரும் இங்கேதான் விழுவார்கள்" என்றான் ஆறுதலாக. இளகிய பனியில் குதிகாலைக் குத்தி இறங்கலாம், ஐஸில் அப்படிச் செய்தால் மல்லாக்க விழ வேண்டியதுதான். பாதம் முழுவதும் தட்டையாகப் பதிந்தால்தான் எல்லா முள்ளும் பிடிக்கும் என்று நடந்து காட்டினான். ஸ்பைக் இல்லையென்றால், பாதையோரம் யாரும் மிதிக்காத பனியில் நடக்கச் சொன்னான். இதை முதல் நாளே சொல்லியிருக்கலாம். சொல்லியிருப்பான், நான்தான் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்திருப்பேன்.

டெல்லியிலிருந்து சென்னை வரை அப்பர் பெர்த்தில் குப்புறப் படுத்தே வந்தேன்.

* * *

ப்ரோ, உங்கள் கேதார்காந்தா பதிவைப் படித்தேன். நீங்கள் சொன்ன கண்ணாடிப் பாதையை நானும் பார்த்தேன், லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்தில். ஊருக்குள் டி-ஷர்ட்டோடு திரியும் ஜனவரியில் மவுண்ட் பால்டி 10,064 அடியில் உறைந்து கிடக்கும். 2023 ஜனவரியில் நடிகர் ஜூலியன் சாண்ட்ஸ் காணாமல் போனது அந்த மலையில்தான். உடல் ஜூனில்தான் கிடைத்தது.

அடுத்த குளிர்காலம் நான் போனேன். மைக்ரோஸ்பைக் இருக்கிறதே என்ற தைரியம். வழியில் இருக்கும் ஸ்கி ஹட் என்ற குடில் வரை சரி. அங்கே நின்று பால்டி பௌல் சரிவை நிமிர்ந்து பார்த்ததும் தைரியம் போய்விட்டது. அந்தச் செங்குத்துக்கு ஷூவில் மாட்டும் நீளப் பற்கள் உள்ள கிராம்பான் வேண்டும், ஐஸ் கோடரி வேண்டும், சறுக்கினால் கோடரியைக் குத்தி நிறுத்தவும் பழகியிருக்க வேண்டும். என்னிடம் இருந்தது புளிசாதம். அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுத் திரும்பிவிட்டேன். "புளிசாதம் சாப்பிடவா மலைக்குப் போனீங்க?" என்று வீட்டில் இன்னும் கேட்கிறார்கள்.