மே மாசம் நிலாவெளி, புறாத்தீவு: முதல் பயணத்துக்கு என்னென்ன தயார் பண்ணணும்?

கோவை_ரேவதி

வணக்கம். மே மூணாவது வாரம் கோயம்புத்தூர்ல இருந்து அஞ்சு பேர் திருகோணமலை வர்றோம். நான், வீட்டுக்காரர், பசங்க ரெண்டு பேர் (12, 7 வயசு), மாமியார் (66 வயசு, சர்க்கரைக்கு இன்சுலின் போடறாங்க). நிலாவெளியில நாலு ராத்திரி தங்கறோம். தீவு, கடற்கரைன்னு இதுக்கு முன்னாடி எங்கயும் தங்கினதில்ல. பசங்க நீச்சல்குளத்துல நல்லா நீந்துவாங்க, கடல்ல இறங்கினதில்ல. ஆனா புறாத்தீவுல மாஸ்க் போட்டு மீன் பார்த்தே ஆகணும்னு ஒத்தக்கால்ல நிக்கறாங்க.

தேடிப் பார்த்தா எல்லா இடத்துலயும் "தொப்பி எடுத்துக்கோங்க, நிறைய தண்ணி குடிங்க"ங்கிற அளவுலதான் இருக்கு. மாஸ்க் இங்கயே வாங்கிட்டு வரணுமா, அங்க வாடகைக்கு எடுக்கலாமா? எந்த மாதிரி செருப்பு? இன்சுலினை அந்த வெயில்ல எப்படி வச்சுக்கறது? தெரிஞ்சவங்க விவரமா சொல்லுங்க.

நிலாவெளியான்

அக்கா, மே நல்ல காலம். வாடைக்காற்று அடிக்கிற ஐப்பசி முதல் தை வரைக்கும் இந்தப் பக்கக் கடல் கொந்தளிப்பாக இருக்கும், புறாத்தீவுக்குப் படகு விடுவது கஷ்டம். மேயில் காலை நேரம் கடல் குளம் மாதிரிக் கிடக்கும். நிலாவெளிக் கரையிலிருந்து தீவு ஏறக்குறைய ஒரு கிலோமீற்றர்தான், இயந்திரப் படகில் பத்துப் பதினைந்து நிமிசம்.

மே கடைசியில் கச்சான் காற்று தொடங்கும். அது தரையிலிருந்து கடலுக்கு அடிக்கிற காற்று. கரையில் நின்று பார்த்தால் அலையே இல்லை, பாதுகாப்பு மாதிரித் தெரியும். ஆனால் காற்றடைத்த மிதவையில் ஒரு பிள்ளை ஏறினால் பேச்சுமூச்சில்லாமல் வெளியே தள்ளிக்கொண்டு போய்விடும், திரும்பி நீந்தி வருவது பெரியவர்களுக்கே சிரமம். ஆகவே வாத்து, வளையம், மெத்தை ஒன்றையும் பெட்டியில் வைக்காதீர்கள்.

மாஸ்க் பிள்ளைகளுக்குக் கட்டாயம் அங்கேயே வாங்குங்கள். இங்கே வாடகைக்குக் கிடைப்பது பெரும்பாலும் பெரிய ஆட்களின் அளவு. கடையில் சோதிக்கிற முறை: பட்டியைத் தலைக்கு மாட்டாமல் மாஸ்க்கை முகத்தில் வைத்து, மூக்கால் லேசாக உள்ளே இழுத்து, கையை எடுங்கள். விழாமல் ஒட்டிக்கொண்டு நின்றால் அளவு சரி. காற்றுப் புகுகிற சத்தம் கேட்டால் அதை வைத்துவிட்டு அடுத்ததைப் பாருங்கள். தண்ணீர் புகுந்தால் எல்லோரும் முதலில் பட்டியைத்தான் இறுக்குவார்கள், அதனால் ரப்பர் மடிந்து இன்னும் புகும். பாதி நேரம் காரணம் ரப்பருக்குக் கீழே மாட்டிய தலைமயிர், இல்லாவிட்டால் அப்பாமாரின் மீசை. மீசைக்கு மேலே கொஞ்சம் வாசலின் பூசினால் போதும்.

புது மாஸ்க்கின் கண்ணாடியில் ஆலையிலிருந்தே ஒரு படலம் இருக்கும். அதைப் போக்காவிட்டால் தண்ணீரில் இறங்கி இரண்டாம் நிமிசமே புகை படிந்துவிடும். வெள்ளைப் பற்பசையை (ஜெல் வேண்டாம்) உள்பக்கக் கண்ணாடியில் விரலால் நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள், இரண்டு மூன்று தரம். பிறகு ஒவ்வொரு தரம் இறங்க முன்னும் பேபி ஷாம்பு ஒரு துளி தடவி லேசாக அலசினால் சரி. முகம் முழுக்க மூடுகிற மாஸ்க் பிள்ளைகளுக்கு வேண்டாம். விட்ட மூச்சு வெளியே போகாமல் உள்ளேயே சுற்றுகிற ஆபத்து உண்டு, தண்ணீர் புகுந்தால் டக்கென்று கழற்றவும் ஏலாது.

இப்போதிருந்தே உங்கள் நீச்சல்குளத்தில் பழக்குங்கள். முதலில் மாஸ்க் மட்டும். அது பழகியபிறகு ஸ்நோர்க்கல் குழாய். கடைசியாக, குழாய்க்குள் வேண்டுமென்றே தண்ணீரை விட்டு, "தூ" என்று ஒரே ஊதலில் வெளியேற்றப் பழக்க வேண்டும். இந்தக் கடைசி வேலை தெரியாத பிள்ளைதான் கடலில் ஒரு மிடறு உப்புத்தண்ணி போனதும் பயந்து காலை ஊன்றும். புறாத்தீவில் பல இடத்தில் தண்ணீர் இடுப்புக்குக் கீழேதான், அடியில் முருகைக்கல் (பவளப்பாறை). ஊன்றினால் கால் கிழியும், கல்லும் உடையும். கிடையாக மிதந்துகொண்டே இளைப்பாறப் பழகினால் பாதி வேலை முடிந்தது. துடுப்புச் செருப்பு முதல் தரம் வேண்டாம்.

கரிய முனைச் செட்டை வைத்த சிறிய சுறாக்கள் அங்கே உண்டு. மனிதரைக் கண்டால் அவைதான் விலகிப் போகும். துரத்தாமல், தொடாமல் மிதந்தால் நன்றாகப் பார்க்கலாம். பிள்ளைகளிடம் முன்பே சொல்லி வையுங்கள், கண்டதும் கத்தாமல் இருப்பார்கள்.

உப்புவெளி_68

தம்பி சொன்னதெல்லாம் சரி, ஒன்றை மட்டும் நான் சேர்த்துச் சொல்கிறேன். பெரியவர்கள் இரண்டு பேருக்கும் மாஸ்க் வாங்கிக் காசைச் செலவழிக்க வேண்டாம், இங்கே வாடகைக்கு எடுக்கலாம், அதே ஒட்டும் சோதனையைக் கரையிலேயே செய்து பார்த்து எடுங்கள். பவர் கண்ணாடி போடுகிறவர் என்றால் மட்டும் பவர் உள்ள மாஸ்க் அங்கேயே எடுங்கள்.

லைஃப் ஜக்கெட் படகுக்காரர் தருவார். ஏழு வயதுக்காரனுக்குச் சின்ன அளவு இருக்கிறதா என்று முதல்நாளே கேளுங்கள். போட்டு, கொளுக்கி எல்லாம் பூட்டி, தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். காதுக்கு மேலே ஏறினால் அது பெரிது. தண்ணீரில் பிள்ளை கீழே வழுகும், ஜக்கெட் மட்டும் மிதக்கும்.

செருப்பு: தீவின் கரை முழுக்க உடைந்த முருகைக்கல் துண்டுகள். விரலிடுக்கில் மாட்டுகிற பாட்டா தண்ணீரில் கழன்று மிதந்துவிடும். பின்னால் பட்டி வைத்த ரப்பர் அடிச் செருப்போ நீர்ச்சப்பாத்தோ வேண்டும். நனைந்த பிறகு தளரும், ஆகவே கொஞ்சம் இறுக்கமாகவே எடுங்கள்.

வெயிலுக்குக் கிரீமை மட்டும் நம்பாதீர்கள். குப்புற மிதக்கும்போது எரிவது பிடரியும் முதுகும் முழங்காலின் பின்பக்கமும். முழுக்கை நீச்சல் சேட்டும் முழங்கால் மூடுகிற காற்சட்டையும் போட்டால், கிரீம் முகம், காது, பின்னங்கால் மட்டுக்கும் போதும். எஸ்.பி.எஃப் 30க்குக் குறையாமல், சிங்க் ஒக்சைட் உள்ளதாக எடுங்கள். ஒக்சிபென்சோன் என்று டப்பாவில் இருந்தால் விடுங்கள், முருகைக்கல்லுக்குக் கேடு. இறங்க 20 நிமிசத்துக்கு முன்பே பூச வேண்டும். படகில் ஏறிப் பூசுகிறவர்களின் கிரீம் எல்லாம் கடலுக்குத்தான்.

தீவில் கடை இல்லை. ஆளுக்கு ஒன்றரை லீற்றர் தண்ணீர், போத்தல் ஸ்டீலாக இருக்கட்டும். அது தேசிய பூங்கா, பொலித்தீன் கொண்டுபோக விடமாட்டார்கள். பிஸ்கட்டையும் வீட்டிலேயே உறை பிரித்து டப்பாவில் போடுங்கள். நுழைவுச் சீட்டு வனசீவராசிகள் திணைக்களத்தின் கருமபீடத்தில் எடுக்க வேண்டும், வெளிநாட்டவருக்குக் கட்டணம் வேறு, பாஸ்போட் கையில் இருக்கட்டும். படகு வாடகை அது தவிர, முழுப் படகுக்கும் சேர்த்துப் பேசுவார்கள். காலை முதல் படகில் போய் வெயில் ஏற முன் திரும்பிவிடுங்கள். வெசாக் (பௌத்தப் பண்டிகை) விடுமுறையை ஒட்டிய நாளானால் மறுபடி யோசியுங்கள், தலைதான் தெரியும், மீன் தெரியாது.

தாதி_திருமலை

ரேவதி, உங்கள் மாமிக்கான பதில்.

இன்சுலின் விமானத்தில் கைப்பையில்தான் வர வேண்டும், சரக்குப் பெட்டியில் உறைந்துவிடலாம். உறைந்தது பிறகு உருகினாலும் பாவிக்கக் கூடாது. மருத்துவரின் சீட்டு ஒரு பிரதி கூடவே இருக்கட்டும். திறக்காததை விடுதிக் குளிர்சாதனப் பெட்டியில், உறைபெட்டிக்குக் கிட்ட இல்லாமல், கதவுத் தட்டில் வையுங்கள். பாவனையில் உள்ளது 30 பாகைக்குக் கீழே இருந்தால் பெரும்பாலானவை நான்கு கிழமை (வாரம்) தாங்கும். மேயில் இங்கே பகல் அதைத் தாண்டிவிடும், ஆகவே நிறுத்திய வானுக்குள் ஐந்து நிமிசமும் வைக்க வேண்டாம். வெளியே போகும்போது ஈரத்துணி சுற்றிய சின்ன டப்பா போதும். ஐஸ்கட்டியை நேரே ஒட்டி வைக்காதீர்கள்.

வெயிலில் உடம்பு சூடாகும்போது இன்சுலின் வேகமாக உறிஞ்சப்படும், நடையும் சேர்ந்தால் சர்க்கரை சட்டென்று இறங்கும். வியர்வை, நடுக்கம், தலைச்சுற்று வந்தால் வெயில் களைப்பு என்று விட்டுவிடாமல் முதலில் சர்க்கரை மூன்று தேக்கரண்டி தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள், 15 நிமிசத்தில் மறுபடி பாருங்கள்.

நீண்டகாலச் சர்க்கரையில் பாதத்தில் உணர்வு குறைந்திருக்கும். கோணேசர் கோயிலில் வெறுங்காலோடு மத்தியானக் கல்லில் நடந்தால், சுட்டது தெரியாமலே கொப்புளம் வந்துவிடும். காலை வெள்ளெனவோ பின்னேரம் நாலு மணிக்குப் பிறகோ போங்கள். கோயில் இருக்கிற கோட்டைக்குள் திரிகிற மான்களுக்குப் பழத்தைப் பையோடு கொடுக்காதீர்கள், பையையும் சேர்த்துத் தின்கின்றன.

கடல்முள்ளி (உடம்பெல்லாம் முள் உள்ள கடல் உயிரி) குத்தினால் காலைத் தாங்கக்கூடிய சுடுதண்ணியில் (45 பாகைக்கு மேலே போகாமல்) 30 முதல் 90 நிமிசம் வையுங்கள், வலி இறங்கும். சூட்டை வேறொருவர் கையால் பார்த்துச் சொல்ல வேண்டும். முருகைக்கல் கீறல் சின்னதாகத் தெரிந்தாலும் உள்ளே துகள் தங்கிப் பழுக்கும். நல்ல தண்ணீரும் சவர்க்காரமும் போட்டுத் தேய்த்துக் கழுவி அயடீன் பூசுங்கள். சொறி (ஜெல்லி மீன்) பட்டால் கடல் தண்ணியால் கழுவுங்கள், நல்ல தண்ணியால் கழுவினால் எரிவு கூடும்.

இலங்கையில் மலேரியா இல்லை, 2016இல் உலக சுகாதார நிறுவனமே சான்று தந்தது, அந்த மாத்திரை வேண்டாம். டெங்கு உண்டு, அந்த நுளம்பு பகலில் கடிக்கும். காய்ச்சல் வந்தால் பரசிற்றமோல் மட்டும். இபுபுரோபன், அஸ்பிரின் கூடாது. இங்கே பார்மசியில் ஜீவனி (ஓ.ஆர்.எஸ். உப்புக்கரைசல் தூள்) பக்கெட் கேட்டு வாங்குங்கள், வயிற்றோட்டத்துக்கும் வெயில் களைப்புக்கும் ஆகும். அம்புலன்ஸ் 1990, காசில்லை.

கந்தளாய்_பஸ்

கட்டுநாயக்கா விமான நிலையத்திலிருந்து தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய் வழி வான் என்றால் பகலில் வாருங்கள். ஹபரணைக்கு இந்தப் பக்கம் இரவில் யானை தெருவில் நிற்கும். புது விடுதிகளில் சதுர முள் பிளக்தான், உங்கள் உருண்டை முள் ஏறாது, மாற்றி ஒன்று எடுத்து வாருங்கள். 2024 முதல் யூ.பி.ஐ. இலங்கையில் வேலை செய்கிறது, ஆனால் படகுக்காரருக்குக் காசுதான், திருகோணமலை டவுனிலேயே ஏ.டி.எம்.மில் எடுத்துக்கொண்டு நிலாவெளிக்குப் போங்கள்.

கோவை_ரேவதி

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. இவ்வளவு எதிர்பார்க்கல. ஒண்ணே ஒண்ணு: அத்தையையும் புறாத்தீவுக்குக் கூட்டிட்டுப் போகலாமா, இல்ல ரூம்லயே விடறதா?

உப்புவெளி_68

இறங்குதுறை கிடையாது தங்கச்சி. ரெண்டு கரையிலும் முழங்கால் தண்ணீரில் நின்று படகின் விளிம்பைத் தாண்டி ஏற வேண்டும், இறங்க வேண்டும். போன பிறகு நிழலும் குறைவு. பாதத்தில் உணர்வு குறைந்தவருக்கு அந்தக் கரையும் சரிவராது. அவரை அன்றைக்கு விடுங்கள்.

அதற்குப் பதில், வந்த மறுநாள் எல்லோருமாகச் சீனக்குடாப் பக்கம் மார்பிள் பீச் போங்கள். விமானப்படை பராமரிக்கிறது, நுழைவுக் கட்டணம் உண்டு. குடாவுக்குள் இருப்பதால் அலை குறைவு, மாமி மரநிழலில் இருக்கலாம், பிள்ளைகள் குளத்தில் பழகியதை உப்புத்தண்ணியில் ஒரு தரம் செய்து பார்க்கலாம். சின்னவன் அங்கே குழாயை ஊதித் துப்பினால் அடுத்த நாள் தீவுக்குப் படகு பேசுங்கள். தடுமாறினால் இன்னும் ஒரு நாள் மார்பிள் பீச்தான், நாலு இரவு இருக்கிறதே.