ஐஸ்லாந்து செய்ததை அயர்லாந்து ஏன் செய்யவில்லை?

தென்னங்கீற்று கேட்டது:

2008 வங்கி நெருக்கடியைப் பற்றி எங்கே பேச்சு வந்தாலும் கடைசியில் ஒருவர் வந்து, "ஐஸ்லாந்தைப் பாருங்கள், வங்கிகளை விழ விட்டார்கள், வங்கித் தலைவர்களைப் பிடித்து உள்ளே போட்டார்கள், நாடு நிமிர்ந்துவிட்டது, அயர்லாந்து வங்கியைக் காப்பாற்றப் போய் ஜனங்கள் தலையில் கடனைக் கட்டியது" என்று முடித்துவிடுகிறார். அவ்வளவு சுலபமா? ஐஸ்லாந்தில் அப்போது மூன்று லட்சத்துச் சொச்சம் பேர்தான். வங்கிகளோ நாட்டின் ஜிடிபியை, அதாவது ஒரு வருட மொத்த உற்பத்தியைப் போல் ஒன்பது, பத்து மடங்கு. அவ்வளவும் விழுந்தால் யாராவது அடி வாங்கியிருக்க வேண்டுமே, யார் அது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். வாட்ஸ்அப் ஃபார்வர்டு வகை பதில் வேண்டாம், அது நிறைய வருகிறது.

பேரேடு:

முதலில் அவர்களும் காப்பாற்றத்தான் பார்த்தார்கள், அதை யாரும் சொல்வதில்லை. 2008 செப்டம்பர் கடைசியில் கிளிட்னிர் வங்கியின் 75 சதவீதப் பங்கை 60 கோடி யூரோவுக்கு அரசு வாங்கப் போவதாக அறிவிப்பு வந்தது. ஒரு வாரம்தான் தாங்கியது. கிளிட்னிர், லாண்ட்ஸ்பாங்கி, காப்திங் மூன்றும் வாங்கி வைத்திருந்த கடனில் பெரும்பகுதி யூரோ, டாலர், பவுண்டு. மத்திய வங்கியால் அச்சடிக்க முடிந்ததோ சொந்த நாணயமான குரோனா மட்டும். கையில் இல்லாத பணத்தை வைத்து எப்படிக் காப்பாற்றுவது?

அக்டோபர் 6 அன்று அவசரச் சட்டம் போட்டார்கள். வங்கி திவாலானால் வைப்புத்தொகைக்காரருக்குத்தான் முதல் உரிமை, வங்கிக்குக் கடன் கொடுத்துக் கடன்பத்திரம் வாங்கியவர் பின்னால் நிற்க வேண்டும் என்று வரிசையையே மாற்றினார்கள். உள்நாட்டு வைப்பு, உள்நாட்டுக் கடன் இரண்டையும் புதிய வங்கிகளுக்கு மாற்றி, வெளிநாட்டுக் கடனைப் பழைய வங்கியிலேயே விட்டுவிட்டார்கள். அதனால்தான் அந்த வாரத்திலும் தலைநகர் ரெய்க்யவிக் கடைகளில் கார்டு தேய்த்தால் வேலை செய்தது. அடி வாங்கியவர்கள் முதலில் வெளிநாட்டுப் பத்திரக்காரர்கள்.

லாண்ட்ஸ்பாங்கி பிரிட்டனிலும் நெதர்லாந்திலும் ஐஸ்சேவ் என்ற பெயரில் திரட்டிய வைப்பு தனிக் கதை. பிரிட்டன் பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தின் கீழ் சொத்தை முடக்கியது (ஒரு நேட்டோ கூட்டாளி நாட்டின் வங்கி மேல்!), அந்தப் பணத்தைத் திருப்பித் தரும் ஒப்பந்தத்தை மக்கள் இரண்டு வாக்கெடுப்பில் நிராகரித்தார்கள், 2013இல் எஃப்டா (ஐரோப்பியத் தடையில்லா வர்த்தகச் சங்கம்) நீதிமன்றமும் ஐஸ்லாந்து பக்கமே தீர்ப்பளித்தது.

வடகடல்:

பேரேடு சொன்னது சரி, ஆனால் ஊர்க்காரர்கள் தப்பிவிட்டார்கள் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரு யூரோ 2008 தொடக்கத்தில் 90 குரோனா சுமார், வருடக் கடைசியில் 170 பக்கம். இறக்குமதியில் வாழ்கிற தீவு. பணவீக்கம் 18 சதவீதத்தைத் தாண்டியது, மத்திய வங்கி வட்டியும் 18 சதவீதம். ஜெர்மனியிலிருந்து வெங்காயமும் சீஸும் வரவழைத்துக் கட்டுப்படியாகாமல் மெக்டொனால்ட்ஸ் 2009இல் கடையைச் சாத்திவிட்டுப் போயே போய்விட்டது.

வீட்டுக்கடன்தான் இதில் கொடுமை. அங்கே பெரும்பாலான வீட்டுக்கடன் விலைவாசிக் குறியீட்டோடு கட்டப்பட்டது, விலைவாசி ஏறினால் அசலே ஏறும். 2 கோடி குரோனா பாக்கி இருந்தால், 15 சதவீதப் பணவீக்கத்தில் தவணை ஒழுங்காகக் கட்டிக்கொண்டே வந்தாலும் பாக்கியில் கிட்டத்தட்ட 30 லட்சம் கூடிவிடும். வீட்டின் விலையோ இறங்குகிறது. யென்னிலும் சுவிஸ் ஃபிராங்கிலும் கார் கடன் வாங்கியவர்கள் நிலைமை இன்னும் மோசம். அந்நியச் செலாவணியோடு இணைத்த கடன் சட்டவிரோதம் என்று உச்ச நீதிமன்றம் 2010இல் சொன்ன பிறகுதான் மூச்சு விட்டார்கள்.

என் கணக்கில் நாணயச் சரிவு என்பது எல்லோருக்கும் ஒரே நாளில் சம்பளக் குறைப்பு, அவ்வளவுதான். கடிதம் கொடுக்காமல் குறைப்பதால் ஆள் நீக்கம் குறைகிறது. வேலையின்மை 9 சதவீதம் பக்கம் நின்றது, அயர்லாந்தில் 15ஐ எட்டியது. மீன் ஏற்றுமதிக்கும் பிற்பாடு சுற்றுலாவுக்கும் மலிவான குரோனா பெரிய துணை.

தென்னங்கீற்று:

சரி, அப்படியென்றால் யூரோவில் இருக்கும் அயர்லாந்தாவது பத்திரக்காரர்களைக் கைவிட்டிருக்கலாமே? அதற்குச் சொந்த நாணயம் எதற்கு?

மழைக்காலம்:

கைவிட்டிருக்கலாம், முதல் இரவிலேயே. 2008 செப்டம்பர் 29 இரவு உட்கார்ந்து ஆறு வங்கிகளின் வைப்பு, பெரும்பாலான பத்திரம் எல்லாவற்றுக்கும் அரசே ஜவாப்தாரி என்று கையெழுத்துப் போட்டார்கள், மொத்தம் சுமார் 44,000 கோடி யூரோ, ஜிடிபியைப் போல் இரண்டு மடங்குக்கு மேல். வங்கிக்குப் பணத்தட்டுப்பாடு, சொத்து நன்றாகத்தான் இருக்கிறது என்று நம்பிச் செய்தது. சொத்து என்பது மனை வாங்கிக் கட்டடம் கட்டுகிறவர்களுக்குக் கொடுத்த கடன். கடைசியில் வங்கிகளுக்குள் கொட்டியது 6,400 கோடி.

அப்புறம் பத்திரக்காரர்கள் மேல் கை வைக்க நினைத்தபோது ஐரோப்பிய மத்திய வங்கி விடவில்லை. ஐரிஷ் வங்கிகள் அதன் அவசரக் கடனில்தான் மூச்சு விட்டன. 2010 நவம்பரில் அந்த வங்கியின் அப்போதைய தலைவர் திரிஷே அயர்லாந்து நிதியமைச்சருக்கு எழுதிய கடிதம் பின்னால் வெளியானது: உதவித் திட்டத்துக்கு விண்ணப்பி, இல்லையென்றால் அவசரக் கடன் கிடையாது என்கிற தோரணை. தன் நாணயத்தை அச்சடிக்கிறவர் வேறு ஊரில் இருந்தால் பேரம் இப்படித்தான் முடியும். 2013இல் இன்னொரு யூரோ நாடான சைப்ரஸ் வைப்பாளர்கள் மேலேயே கை வைக்க வேண்டி வந்தது. ஒரு லட்சம் யூரோவுக்கு மேல் பேங்க் ஆஃப் சைப்ரஸில் வைத்திருந்தவர்களுக்கு அதற்கு மேற்பட்ட தொகையில் 47.5 சதவீதம் வங்கியின் பங்காக மாறிப்போனது. வங்கிகள் கிட்டத்தட்ட இரண்டு வாரம் மூடிக் கிடந்தன.

பேரேடு:

ஒன்று விட்டுப்போயிற்று. ஐஸ்லாந்து 2008 நவம்பரில் மூலதனக் கட்டுப்பாடு, அதாவது பணம் நாட்டை விட்டு வெளியே போகத் தடை போட்டது, ஐஎம்எஃப் (சர்வதேச நாணய நிதியம்) ஒப்புதலோடு. தற்காலிகம் என்றார்கள், 2017 மார்ச் வரை இழுத்தது. வெளிநாடு போகிறவர் டிக்கெட்டைக் காட்டித்தான் யூரோ வாங்க முடிந்தது. ஆனால் பழைய வங்கிகளின் கடன்பத்திரங்களை அடிமாட்டு விலைக்கு வாங்கிப் போட்டிருந்த வெளிநாட்டு முதலீட்டு ஃபண்டுகளும் உள்ளே மாட்டிக்கொண்டன. 2015இல் அரசு அவர்களிடம், 39 சதவீத வரி கட்டுகிறாயா, பேசி ஒரு தொகையைக் கொடுத்துவிட்டு வெளியே போகிறாயா என்று கேட்டது. கொடுத்துவிட்டுப் போனார்கள். வங்கிகளை விழ விட்டதைவிட இந்தப் பூட்டுத்தான் அரசுக் கடனைக் குறைக்க உதவியது என்பது என் கட்சி, மாற்றுக் கருத்து இருந்தால் சொல்லுங்கள்.