ரயிலில் புகை இல்லை, சரி

குழு: மேட்டுத்தோட்டம் வீட்டார்

செந்தில் மாமா (பல்லடம்), காலை 7:12
"மெட்ரோ ரயிலால் மாசு துளிகூடக் கிடையாது. அனைவருக்கும் பகிருங்கள்." கோவைக்கும் வந்திருந்தால் அவிநாசி சாலையில் இப்படித் திணற வேண்டியதில்லை.

சரசு சித்தி (உடுமலை)
ஞாயிற்றுக்கிழமை காதுகுத்துக்கு எத்தனை பேர் வருகிறீர்கள்? சமையல்காரர் இலைக்கணக்குக் கேட்கிறார்.

கவிதா (திருப்பூர்)
நாங்கள் நான்கு பேர் சித்தி. மாமா, ரயிலில் புகை இல்லை, சரி. அதற்கு மின்சாரம் தரும் இடத்தில் இருக்கிறதே! மேட்டூர் அனல்மின் நிலையத்துப் புகைபோக்கியைப் பார்த்ததில்லையா?

செந்தில் மாமா
பனியன் கம்பெனிக்குப் போகும் அம்மிணிக்கு ரயில் கணக்கு எப்படித் தெரியும்?

கவிதா
வெளிநாட்டுக்காரர்கள் பனியனோடு கார்பன் கணக்கும் கேட்கிறார்கள் மாமா. பாய்லர் விறகிலிருந்து நூல் ஏற்றி வந்த லாரி வரை எழுதிக் கொடுக்கிறேன். மெட்ரோவுக்கும் அதே மூன்று பத்திதான். சொந்தமாக எரிக்கும் டீசல் முதலாவது, வாங்கும் மின்சாரம் இரண்டாவது, சிமெண்ட், கம்பி, பெட்டி எல்லாம் மூன்றாவது. நம் நாட்டில் ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சுமார் 0.7 கிலோ கரியமில வாயு வருகிறது. ஒரு லிட்டர் பெட்ரோலுக்குச் சுமார் 2.3 கிலோ.

செந்தில் மாமா
நில். ஒரு லிட்டர் பெட்ரோலின் எடையே முக்கால் கிலோதான். அது எரிந்து 2.3 கிலோ எப்படி வரும்? தராசுக்கு அடியில் புளி ஒட்டியிருக்கிறாயா?

கவிதா
எரியும்போது பெட்ரோலில் உள்ள கார்பன் காற்றிலிருந்து ஆக்சிஜனைச் சேர்த்துக்கொள்கிறது. கூடுதல் எடை அதனுடையது.

செந்தில் மாமா
அப்படியென்றால் சரி.

அருண் (சென்னை)
மெட்ரோவில் பிரேக் போடும்போது மோட்டாரே ஜெனரேட்டராகி மின்சாரத்தைத் திருப்பி அனுப்பும், பக்கத்தில் கிளம்பும் ரயில் அதை எடுத்துக்கொள்ளும். இதற்காகவே டெல்லி மெட்ரோ 2007-இல், கார்பனைக் குறைப்பவர்களுக்கு வரவு எழுதும் ஐ.நா.வின் தூய்மை மேம்பாட்டுத் திட்டத்தில் பதிவானது. உலகில் அப்படிப் பதிவான முதல் ரயில் திட்டம் அது. 2019 முதல் மத்தியப் பிரதேசத்து ரீவாவிலிருந்து சூரிய மின்சாரமும் வாங்குகிறார்கள்.

சரசு சித்தி
எங்கள் தோட்டத்தைச் சுற்றி இத்தனை காற்றாலை நிற்கிறது. அதைக் கொடுத்தால் ஆகாதா?

கவிதா
கொடுக்கலாம் சித்தி. ஆடியில் சுற்றுவது தையில் சுற்றுமா?

சரசு சித்தி
தையில் காக்கை உட்காரத்தான் ஆகும்.

கவிதா
அதுதான். ரீவாவிலும் ராத்திரி எட்டு மணிக்கு வெயில் கிடையாது. ஒரு நிறுவனம் 'நிகர பூஜ்ஜியம்', அதாவது வெளியிடும் கார்பனையும் ஈடுகட்டுவதையும் கழித்தால் மீதி இல்லை என்று அறிவித்தால் எந்தப் பத்தி வரை, எந்த நேரத்து மின்சாரம் என்று இரண்டையும் கேட்பேன். லண்டன்காரர்கள் 2030-க்குள் ரயில்களைக் கார்பன் இல்லாத மின்சாரத்தில் ஓட்ட இலக்கு வைத்திருக்கிறார்கள். நல்லது. ஆனால் சுரங்கத்துக்குக் கொட்டிய கான்கிரீட் அந்த இலக்கில் வராது. சிமெண்டுக்குச் சுண்ணாம்புக்கல்லைச் சுடும்போது கல்லிலிருந்தே வாயு பிரிகிறது. சூளையைச் சூரிய மின்சாரத்தில் சுட்டாலும் அது நிற்காது.

செந்தில் மாமா
கோவைக்கு மெட்ரோவே வேண்டாம் என்கிறாயா? 20 லட்சம் மக்கள் வேண்டும் என்ற 2017 கொள்கையைக் காட்டி, ஒன்றிய அரசு 2025 நவம்பரில் திட்டத்தைத் திருப்பி அனுப்பியது போதாதா?

கவிதா
வரட்டும் மாமா. ஏறுவதற்கு ஆள் இருக்க வேண்டும், கான்கிரீட்டால் ஏறிய கார்பன் கடன் அப்போதுதான் அடையும். காலி ரயிலைவிட, படிக்கட்டு வரை நிரம்பி வரும் உக்கடம் டவுன் பஸ் எவ்வளவோ மேல்.

சரசு சித்தி
அண்ணா, இலைக்கணக்கு! குழந்தை உங்கள் மடியில்தான் உட்கார வேண்டும். ஏழரைக்குள் வந்துவிடுங்கள்.

செந்தில் மாமா
ஐந்து பேர். இரண்டு கார்.

அருண்
ஐந்து பேருக்கு இரண்டு காரா மாமா?

செந்தில் மாமா
சீர்த்தட்டை உன் தலையிலா வைப்பது?

கவிதா
திருப்பூரிலிருந்து ஒரு வேன் பிடிக்கிறோம். பல்லடத்தில் உங்களையும் தட்டுகளையும் ஏற்றிக்கொள்கிறோம். நாங்கள் நான்கு, நீங்கள் ஐந்து.

செந்தில் மாமா
ஏசி உண்டா?

சரசு சித்தி
ஒன்பது இலை எழுதிக்கொண்டேன். அருண், நீ வருகிறாயா இல்லையா?