ஆராய்ச்சிக்குக் காசா, வார்டுக்கு நர்ஸா?

பனங்காடன்:
போன மாதம் அப்பாவை ஒரு அரசு ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தேன். ராத்திரி 40 பேருக்கு ஒரே நர்ஸ். சலைன் பாட்டில் தீர்ந்து டியூபில் ரத்தம் ஏறுவதைப் பார்த்து நான்தான் ஓடினேன். இந்த லட்சணத்தில் மருத்துவ ஆராய்ச்சிக்கு இன்னும் காசு வேண்டுமாம். முதலில் ஆளைப் போடுங்கள். ஆராய்ச்சியெல்லாம் டாக்டர்களின் புரமோஷனுக்குத்தான்.

மருந்துச்சீட்டு:
அப்பா இப்போது பரவாயில்லையா? ஆள் வேண்டும் என்பதில் சண்டையே இல்லை. ஆனால் டிபி (காசநோய்) வார்டுகளில் கட்டிலைக் காலி செய்ததே ஆராய்ச்சிதான். 1956இல் சென்னையில் டிபி நோயாளிகளை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு சானடோரியம் (டிபிக்காரர்களைத் தங்க வைக்கும் ஆஸ்பத்திரி), சத்தான சாப்பாடு, ஓய்வு. மறுபாதி தங்கள் நெருக்கடியான வீட்டிலேயே. மாத்திரை இருவருக்கும் ஒன்றுதான். வீட்டில் இருந்தவர்களும் கிட்டத்தட்ட அதே அளவு குணமானார்கள். கூட இருந்தவர்களுக்குத் தொற்றுவதும் கூடவில்லை. 1959இல் இது வெளிவந்த பிறகுதான் மாதக்கணக்கில் படுக்க வைக்கும் வழக்கம் தளர்ந்தது. (தாம்பரம் சானடோரியம் ஸ்டேஷனில் தினமும் இறங்குகிறவர்களில் எத்தனை பேருக்கு அந்தப் பெயரின் கதை தெரியுமோ!)

வெட்டிப்பேச்சு:
பழைய கதை. 2023இல் வந்த ஜார்க்கண்ட் ஆய்வைப் பாருங்கள். டிபி நோயாளிகளின் வீட்டு ஆட்கள் 10,345 பேர். ஒரு பிரிவில் பெரியவர்களுக்குத் தலைக்கு மாதம் 5 கிலோ அரிசி, 1.5 கிலோ பருப்பு. இன்னொரு பிரிவில் நோயாளிக்கு மட்டும் உணவு, வீட்டாருக்கு இல்லை. வீட்டாருக்கும் உணவு கிடைத்த வீடுகளில் புதிதாக டிபி வருவது 39 சதவீதம் குறைந்ததாம். பசித்தவனுக்குச் சோறு போடு என்று சொல்ல ஓர் ஆராய்ச்சியா? அதுவும் பாதிப் பேரைப் பார்க்க வைத்துவிட்டு?

மருந்துச்சீட்டு:
அந்தப் பாதி எனக்கும் உறுத்தல்தான். மழுப்பவில்லை. ஆனால் பசியும் டிபியும் கூட்டாளிகள் என்பது என் ஆச்சிக்கே தெரியும். எத்தனை கிலோ கொடுத்தால் எவ்வளவு குறையும் என்று நிதித்துறைக்கு ஃபைல் போக வேண்டுமே, அதற்கு ஆச்சி சொல் செல்லாது.

களப்பணி:
நான் டிபி பிரிவில் வேலை பார்க்கிறேன். 2022 முதல் தமிழ்நாட்டில் காசநோய் இறப்பில்லாத் திட்டம் இருக்கிறது. டிபி என்று தெரிந்ததும் எடை, உயரம், மூச்சு வேகம், ஆக்சிஜன், காலில் வீக்கம், எதையும் பிடிக்காமல் நிற்க முடிகிறதா என்று பார்ப்போம். மோசமாக இருந்தால் உடனே கட்டில். யாரை முதலில் சேர்ப்பது என்பது ஆராய்ச்சி கொடுத்த கணக்கு.

பனங்காடன்:
சரி, ஒத்துக்கொள்கிறேன். அந்த எடையையும் மூச்சையும் அளப்பது யார்? அந்த ஒரே நர்ஸ்தானே?

களப்பணி:
ஆமாம். அவர் லீவு போட்டால் நான்.